முகத் தோலும் முரட்டுத் தேய்ப்பும்

கண்ணாடியின் முன் நிற்கும் மனிதருக்குத் தம் முகத்தில் ஏதேனும் ஒரு குறை தென்படாமல் இராது. மூக்கின்மேல் கரும்புள்ளிகள், நெற்றியில் எண்ணெய்ப் பிசுக்கு, கன்னத்தில் பழைய பருவின் தழும்பு, வெயிலில் அலைந்ததனால் ஏறிய கறுப்பு ஆகிய யாவும் அழுக்கு என்றே தோன்றுகின்றன. அழுக்கு என்று தோன்றிய பின் அதைத் தேய்த்துப் போக்க முயல்வது இயல்பு. பாத்திரத்தின் அடிப்பிடிப்பைச் சுரண்டும் அதே முனைப்போடு முகத்தையும் தேய்ப்போர் நம் நாட்டில் எங்கும் உள்ளனர்.

இதற்குரிய சாதனங்களுக்கும் குறைவில்லை. பீர்க்கங்காய் நார், நைலான் வலை, சொரசொரப்பான துண்டு, சர்க்கரை, காப்பித் தூள், அரிசி மாவு முதலியன வீட்டிலேயே கிடைப்பவை. கடைகளில் விற்கும் தேய்ப்புக் களிம்புகள் சிலவற்றில் வால்நட் ஓடு, ஆப்ரிகாட் கொட்டை ஆகியவற்றின் பொடி கலந்திருக்கும். முன்னர் பிளாஸ்டிக் நுண்மணிகளும் கலக்கப்பட்டு வந்தன. அவை ஆறுகளையும் கடலையும் மாசுபடுத்துவது தெரிந்ததும், கழுவிவிடும் அழகுப் பொருள்களில் அவற்றைச் சேர்ப்பதை 2015-ல் அமெரிக்கா சட்டம் இயற்றித் தடை செய்தது. வேறு பல நாடுகளும் அவ்வழியைப் பின்பற்றின. மணிகள் பெரும்பாலும் உருண்டையானவை. ஓட்டுப் பொடியோ நுண்ணோக்கியில் பார்த்தால் முனையும் கூருமாக இருக்கும். இம்மாற்றத்தால் கடலுக்கு நன்மை விளைந்தது. கன்னத்துக்கும் விளைந்ததாகச் சொல்ல இயலாது.

வட மாநிலங்களில் திருமணத்துக்கு முந்திய நாட்களில் மணமக்களுக்குப் பூசப்படும் உப்டன் என்னும் கலவை, கடலை மாவும் மஞ்சளும் பாலோ தயிரோ சேர்ந்தது. ஈரம் காயுமுன் கழுவிவிட்டால் அதனால் பெருந்தீங்கு இல்லை. ஆனால் அதை நன்றாக உலர விட்டு, உலர்ந்ததை உள்ளங்கையால் உரசி உரசி உதிர்ப்பது பலரின் வழக்கம். அப்போது உதிர்வது மாவு மட்டும் அன்று.

தேய்த்த அன்று முகம் வழவழப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். அந்த மினுமினுப்பே மறுமுறை தேய்க்கத் தூண்டுகிறது. இரண்டு மூன்று நாட்களில், தேய்ப்பு பலமாயின் மறுநாளே, முகம் இழுத்துப் பிடித்தாற்போல் ஆகிறது. குளிர்ந்த நீர் பட்டாலும் எரிகிறது. வழக்கமாகப் பூசும் களிம்பும் காந்துகிறது. மூக்கின் ஓரங்களிலும் வாயைச் சுற்றியும் செதில் எழும்புகிறது. வெளிர்நிறத் தோலில் இந்த அழற்சி சிவப்பாகத் தெரியும்; மேனாட்டு நூல்களிலுள்ள வருணனைகள் பெரும்பாலும் அத்தகைய தோலை வைத்து எழுதப்பட்டவையே. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு அவ்வளவாகப் புலப்படுவதில்லை. முகம் சற்றுக் கறுத்தது போலவும் மெழுகு பூசியது போலவுமே காணப்படும். ஆகவே இந்தியர்களில் பலர் அதனை நோய் என்று கருதாமல், அழுக்கு இன்னும் போகவில்லை என்று எண்ணி மேலும் தேய்க்கின்றனர். தீமை பெருகுவதற்கு இதுவே முதற் காரணம்.

ஒன்பது அடுக்குச் சுவர்

தோலின் வெளிப்பகுதி மேல்தோல் எனப்படும். அதன் உச்சியில், உயிர் நீங்கிய தட்டையான உயிரணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட மெல்லிய படலம் ஒன்று உண்டு. நகத்திலும் மாட்டுக் கொம்பிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதவகை இவ்வணுக்களிலும் நிறைந்திருப்பதால் இதனைக் கொம்புப் படலம் என்பர். உடலின் பெரும்பகுதியில் இதன் கனம் ஏறக்குறைய 10 முதல் 20 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உடலிலுள்ள நீர் வரம்பின்றி ஆவியாகிப் போகாமல் காப்பதும், உறுத்தும் பொருள்களும் கிருமிகளும் உட்புகாமல் தடுப்பதும் இப்படலமே.

இதன் அமைப்பை விளக்க ஆராய்ச்சியாளர்கள் 1970களிலிருந்து செங்கற் சுவரை உவமையாகக் கூறி வருகின்றனர். உயிரணுக்கள் செங்கற்கள், அவற்றின் இடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. அச்சாந்தில் எடையளவில் ஏறக்குறையப் பாதி செராமைடு என்னும் பொருள்; எஞ்சியவற்றுள் கொலஸ்டிராலும் கொழுப்பு அமிலங்களும் முக்கியமானவை. செங்கல் எவ்வளவு உறுதியாயினும் சாந்து கரைந்துவிட்டால் சுவர் ஒழுகும்.

சுவரின் கனம் எல்லா இடங்களிலும் ஒன்றாக இல்லை. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் உடலின் பல பகுதிகளிலிருந்து எடுத்த தோல் துணுக்குகளில் கொம்புப் படலத்தின் அடுக்குகளை எண்ணி 1999-ல் வெளியிட்டனர். முகத்தில் ஏறக்குறைய 9 அடுக்குகளே இருந்தன. கை கால்களில் 15; உள்ளங்கை, உள்ளங்கால்களில் 50; குதிகாலில் 80-க்கும் மேல். குதிகாலைத் தேய்க்கும் கல்லையோ முதுகைத் தேய்க்கும் நாரையோ முகத்துக்கும் கொண்டுவருவோர் இவ்வெண்களைச் சற்று எண்ணிப் பார்ப்பது நலம்.

சுவருக்கு மற்றொரு பாதுகாப்பும் உண்டு. தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத் தன்மை உடையது. 1928-ல் ஜெர்மனியில் ஷாடே, மார்க்கியோனினி என்னும் இருவர் இதற்கு அமிலப் போர்வை என்று பெயரிட்டனர். அமில, கார அளவைக் குறிக்கும் பி.எச். எண் நடுநிலையில் 7 ஆகும். நலமான தோலில் அது பெரும்பாலும் 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் இருக்கும். சாதாரணக் கட்டிச் சோப்பின் நுரை 9 முதல் 10 வரை உள்ள காரப் பொருள். சாந்துக்கு வேண்டிய கொழுப்புகளைப் பக்குவப்படுத்தும் நொதிகள் அமில நிலையிலேயே நன்கு வேலை செய்கின்றன. அடுக்குகளைப் பிரித்து உதிர்க்கும் நொதிகளோ கார நிலையில் வலுப்பெறுகின்றன. எனவே சோப்பிட்டு அழுத்தித் தேய்ப்பவர் ஒரே சமயத்தில் சுவரை உரசியும், கட்டும் கொத்தனாரைத் தடுத்தும், இடிப்பவனை ஏவியும் விடுகிறார். தில்லி, இராஜஸ்தான், குஜராத் முதலிய பகுதிகளில் பல இடங்களில் உள்ளதைப் போன்ற கடினமான நிலத்தடி நீரில் சோப்புக் கரைந்தால், கழுவியும் போகாத படிவு ஒன்று தோலில் தங்கி உறுத்தலை இன்னும் மிகுவிக்கும்.

அழுக்கல்லாத அழுக்கு

மூக்கிலுள்ள கரும்புள்ளி அழுக்கு அன்று. எண்ணெய்ச் சுரப்பி திறக்கும் துளையில் கொழுப்பும் உதிர்ந்த உயிரணுக்களும் திரண்டு உண்டான அடைப்பு அது. நுனி கறுத்திருப்பதற்குக் காரணம் அதிலுள்ள மெலனின் என்னும் நிறமியும், காற்றுப் பட்டு அப்பொருள்கள் அடையும் மாற்றமுமே. பருவும் துளையின் ஆழத்தில்தான் தொடங்குகிறது. அடைப்பு கீழே இருக்க, தேய்ப்பு மேலே நடைபெறுகிறது. 1975-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர்களான மில்ஸ், கிளிக்மன் ஆகியோர், ஒரு நாளில் பலமுறை சோப்பிட்டுக் கழுவியதனாலேயே பரு மிகுந்தவர்களைப் பற்றி எழுதி, அந்நிலைக்குச் சலவைப் பரு என்று பொருள்படும் ஒரு பெயரையும் இட்டனர்.

நிறத்தைப் பொறுத்தவரை செய்தி இன்னும் கவனிக்கத்தக்கது. 1980களில் ஜப்பானிய மருத்துவர்கள், நைலான் துண்டால் பல ஆண்டுகள் அழுந்தத் தேய்த்துக் குளித்தவர்களின் உடலில், எலும்பு துருத்தி நிற்கும் தோள், முதுகு, கழுத்தடி ஆகிய இடங்களில் கறுத்த திட்டுகள் உண்டாவதை விவரித்தனர். அவ்விடங்களில் மெலனின் துகள்கள் மேல்தோலிலிருந்து நழுவி அடித்தோலில் தங்கியிருந்தன. நம் நாட்டுத் தோல் மருத்துவர்களும் இத்தகைய நோயாளிகளைக் காண்கின்றனர். கறுப்பைப் போக்குவதற்கென்று தேய்த்தது கறுப்பை வளர்த்தது. மெலனினை உண்டாக்கும் உயிரணுக்கள் மேல்தோலின் அடித்தளத்தில் இருக்கின்றன; தேய்ப்பு அவ்வளவு தூரம் எட்டுவதற்குள் தோல் புண்ணாகிவிடும். சிவந்த மேனியே அழகு என்ற எண்ணம் நம் சமூகத்தில் நிலவும் வரை இவ்விளக்கம் எத்தனை பேரின் கையைத் தடுக்கும் என்பது வேறு கேள்வி.

சுவர் மீண்டும் எழும்பும் விதம்

இவ்வளவு மெல்லிய சுவராயினும் அது தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் ஆற்றல் உடையது. 1951-ல் அமெரிக்காவில் ஹெர்மன் பிங்கஸ் என்னும் ஆராய்ச்சியாளர், செல்லோபேன் ஒட்டு நாடாவைத் தோலில் ஒட்டி உரித்து, மீண்டும் ஒட்டி உரித்து, கொம்புப் படலத்தை அடுக்கடுக்காக நீக்கும் முறையைக் கையாண்டார். அவ்வாறு நீக்கிய இரண்டு மூன்று நாட்களில் மேல்தோலின் கீழ்ப்பகுதியிலுள்ள உயிரணுக்கள் வழக்கத்தினும் மிக வேகமாகப் பிரிந்து பெருகக் கண்டார்.

சாந்து பூசும் வேலை அதற்கும் முன்னரே தொடங்கிவிடுகிறது. படலத்துக்குச் சற்றுக் கீழேயுள்ள உயிருள்ள அணுக்கள் கொழுப்பு நிறைந்த நுண்ணிய பைகளை ஆயத்தமாக வைத்துள்ளன. சுவர் உடைந்த சில நிமிடங்களில் அப்பைகளிலுள்ள கொழுப்பு இடைவெளிகளில் கொட்டப்படுகிறது. நலமான இளவயதினருக்கு ஒருமுறை ஏற்பட்ட சேதம் ஏறக்குறைய மூன்று நாட்களில் சரியாகிவிடும். முதியோருக்கு அதனினும் கூடுதலான காலம் பிடிக்கும்.

இந்த வேலையைத் தொடங்கி வைப்பது எது? சான்பிரான்சிஸ்கோ நகரில் எலயஸ், ஃபைன்கோல்ட் முதலியோர் எலிகளைக் கொண்டு செய்து 1989-ல் வெளியிட்ட சோதனை இதற்கு விடை தந்தது. சேதமுற்ற தோலை நீராவி ஊடுருவ முடியாத உறையால் மூடியபோது நீர்க்கசிவு நின்றது. கூடவே பழுது பார்க்கும் வேலையும் நின்றது. நீராவி ஊடுருவக்கூடிய உறையால் மூடியபோது வேலை தொடர்ந்தது. நீர் கசிவதே பழுது பார்க்கும்படி தோலுக்குக் கிடைக்கும் கட்டளை என்பது இதனால் விளங்கிற்று. எரியும் முகத்தைப் பிளாஸ்டிக் தாளாலோ ரப்பர் முகமூடியாலோ இறுக மூடிவைப்பது நல்லதன்று என்று கருத இது ஒரு காரணம்.

மேலே கூறிய மூன்று நாட்கள் என்பது ஒரே ஒரு முறை தேய்த்தவருக்கே பொருந்தும். வாரக்கணக்காக நாள்தோறும் தேய்த்தவரின் தோலில் அழற்சி ஊன்றிவிடுகிறது. கொம்புப் படலம் முழுவதும் புதிதாக மாற ஏறக்குறைய இரண்டு வாரமும், மேல்தோல் முழுவதும் மாற நான்கு வாரமும் அதற்கு மேலும் ஆகும். ஆதலின் நான்கு முதல் ஆறு வாரம் வரை பொறுத்திருக்க மனத்தை ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும். பத்தாம் நாள் செதில் தெரிகிறதே என்று ஒருமுறை உரசிவிட்டால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். செதில் என்பது புதிய தோலின் மேல் உள்ள பழைய மூடி. அது தானே உதிரும்.

செய்ய வேண்டியவை

மருத்துவர்கள் முதலில் கூறுவது எதைப் பூசலாம் என்பதை அன்று, எவற்றை நிறுத்த வேண்டும் என்பதையே. நார், வலை, தேய்ப்புக் களிம்பு, பருவுக்கான அமிலக் கழுவுநீர், ரெட்டினாய்டு வகைக் களிம்புகள், சாராயம் கலந்த திரவங்கள், வாசனை மிகுந்த முகப்பூச்சுகள், வேதிப் பொருளால் வெளுக்க வைக்கும் பிளீச்சு ஆகிய அனைத்தும் நிறுத்தப்பட வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தாயின் அவரைக் கேட்டு நிறுத்தலாம். வீட்டு வைத்தியப் பொருள்களும் இவ்விலக்கில் அடங்கும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். ஏறக்குறைய 2; அது தோலின் இயல்பான அமிலத் தன்மையைவிடப் பன்மடங்கு கடுமையானது. சமையல் சோடா எதிர்த்திசையில் காரமானது. படிகாரமும் பற்பசையும் உலர்த்துபவை. சோற்றுக் கற்றாழையின் உள்ளே உள்ள தெளிந்த கூழ் குளிர்ச்சி தரும் எனினும், மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் உறுத்தக்கூடியது. அது கலந்த கூழைப் புண்பட்ட முகத்தில் பூசலாகாது. எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்ற நம்பிக்கை மக்களிடையே வேரூன்றியுள்ளது. முகத்தோலைப் பொறுத்தவரை எரிவது பொருந்தாத மருந்து.

கழுவுவது ஒரு நாளைக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டா. காலையில் வெறும் நீரே போதும். தில்லிக் குளிர்காலத்தில் வெந்நீரை முகத்தில் வாரி இறைத்துக்கொள்வது சுகமாக இருக்கும். ஆனால் வெந்நீர் சாந்தைக் கரைத்துச் செல்லும். கை பொறுக்கும் சூடு முகத்துக்கு அதிகம். வெதுவெதுப்பான நீரோ குளிர்ந்த நீரோ ஏற்றது. மாலையில் தூசியும் வியர்வையும் போக வேண்டுமாயின், சோப்பல்லாத, வாசனையற்ற, மென்மையான கழுவு பொருளை விரல் நுனியால் பூசிக் கழுவலாம். துண்டால் துடைக்காமல் ஒற்றியெடுக்க வேண்டும். எரிச்சல் மிகுந்திருக்கும் முதல் இரண்டு நாட்களில், குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியை ஐந்து பத்து நிமிடம் முகத்தின் மேல் இட்டு வைப்பது இதமளிக்கும். பனிக்கட்டியை நேராக வைத்துத் தேய்ப்பது மற்றுமொரு முரட்டுத்தனமே.

முகம் சற்று ஈரமாக இருக்கும்போதே ஈரப்பதம் காக்கும் களிம்பைப் பூசிவிட வேண்டும். இதன் காரணத்தை 1952-ல் அமெரிக்காவில் இர்வின் பிளாங்க் எளிய சோதனையால் காட்டினார். காய்ந்து போன காய்ப்புத் தோல் துண்டுகளை எண்ணெயில் ஊறவைத்தால் அவை அப்படியே முறியும் நிலையில் இருந்தன; நீரில் ஊறியவையோ மெத்தென்று வளைந்தன. தோலை மென்மையாக்குவது நீரே; அந்நீர் விரைந்து பறந்துவிடாமல் தடுப்பதே எண்ணெய்ப் பசையின் வேலை. ஆகவே உலர்ந்த முகத்தில் எண்ணெய் பூசுவதைவிட ஈர முகத்தில் பூசுவது பயன் மிகுதியாகத் தரும்.

எந்தக் களிம்பு? விலை உயர்ந்த புட்டிகளே வேண்டும் என்பதில்லை. 1872-ல் செஸ்பரோ என்னும் அமெரிக்கர் காப்புரிமை பெற்ற வாசலின், அதாவது வெள்ளைப் பெட்ரோலேட்டம், இன்றும் இத்துறையில் மதிப்பிழக்கவில்லை. அது தோலின் மேல் வெறும் மூடியாக நிற்பதில்லை. படலத்தின் இடைவெளிகளில் கலந்து நின்று கசிவைக் குறைக்கிறது. பிளாஸ்டிக் உறையைப் போலப் பழுது பார்க்கும் வேலையைத் தடுப்பதுமில்லை. பட்டாணி அளவு எடுத்து மெல்லிய படலமாகப் பூசினால் போதும். எண்ணெய்ப் பசை மிகுந்த முகத்தினரும், வேர்க்கும் காலத்தில் வாசலினைப் பொறுக்காதவரும், கிளிசரினோ செராமைடோ கலந்த வாசனையற்ற இலேசான களிம்பைத் தேர்ந்துகொள்ளலாம். புதிய களிம்பு எதுவாயினும் முதலில் தாடையின் ஓரத்தில் இரண்டு மூன்று நாட்கள் பூசிப் பார்ப்பது முன்னெச்சரிக்கை.

எண்ணெய்களுள் வேற்றுமை

எண்ணெய் என்றால் எல்லாம் ஒன்று என்று கருதுவது தவறு. வங்காளம், பீகார், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் குழந்தைக்கும் பெரியோருக்கும் கடுகெண்ணெய் தேய்ப்பது தொன்றுதொட்ட வழக்கம். 2002-ல் டார்ம்ஸ்டாட் முதலியோர் எலிகளின் தோலில் படலத்தைச் சேதப்படுத்தி எண்ணெய்களைப் பூசிப் பார்த்தனர். சூரியகாந்தி எண்ணெய் படலம் சீராவதை விரைவுபடுத்திற்று. கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தாமதப்படுத்தின. பின்னர் டாக்காவில் ஒரு குழந்தை மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசியபோது, பூசப்படாத குழந்தைகளைக் காட்டிலும் மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்தது என்று 2005-ல் அறிவித்தனர். குறைமாதக் குழந்தையின் தோலும் தேய்த்துப் புண்பட்ட முகமும் ஒன்றல்ல. எனினும் உறுதியற்ற சுவருக்கு எந்த எண்ணெய் ஏற்றது என்பதற்கு இது ஒரு குறிப்பு. கடுகின் காரத்துக்குக் காரணமான பொருளே தோலை உறுத்தக்கூடியது.

கேரளத்திலும் தமிழகத்திலும் புழங்கும் தேங்காய் எண்ணெய், வறண்ட தோலுக்குக் கனிம எண்ணெயைப் போன்றே பயன் தந்ததாகப் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வு காட்டுகிறது. அவ்வாய்வு கால்களின் தோலில் செய்யப்பட்டது. பரு தோன்றும் இயல்புடைய முகத்தில் இவ்வெண்ணெய் துளைகளை அடைக்கலாம்.

விரைவில் ஆற்றும் களிம்பு

இவ்விஷயத்தில் மிகுந்த அபாயம் தேய்ப்பில் இல்லை, தேய்ப்புக்குப் பின் தேடும் குறுக்குவழியில் உள்ளது. திருமணத்துக்குப் பத்து நாட்கள் இருக்கையில் முகம் எரிந்து செதில் எழும்பி நிற்கும் ஒரு மணப்பெண்ணை நினைத்துப் பார்க்கலாம். நான்கு வாரம் பொறுக்கச் சொன்னால் வீட்டார் ஏற்பார்களா? தெருமுனை மருந்துக் கடைக்காரர் ஒரு சிறிய குழாய்க் களிம்பைக் கொடுக்கிறார். இரண்டே நாளில் எரிச்சல் அடங்குகிறது. நான்கு நாளில் முகம் வெளுத்துப் பளிச்சிடுகிறது. வீட்டில் யாவரும் மகிழ்கின்றனர். அக்களிம்பில் இருப்பது வீரியமுள்ள ஸ்டீராய்டு. பல களிம்புகளில் அதனுடன் ஹைட்ரோகுவினோன், டிரெடினாயின் ஆகிய இரண்டும் கலந்திருக்கும்.

நியூயார்க்கில் சல்ஸ்பெர்கர், விட்டன் ஆகியோர் 1952-ல் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பின் பயனை அறிவித்தது தோல் மருத்துவத்தில் பெரும் திருப்பமாகும். உரிய நோய்க்கு, உரிய அளவில், மருத்துவரின் கண்காணிப்பில் ஸ்டீராய்டு அருமருந்தே. கடுமையான அழற்சிக்கு மென்மையான வகையைச் சில நாட்களுக்கு மட்டும் மருத்துவர்கள் தருவதும் உண்டு. ஆனால் அது அழற்சியை அடக்கும் அதே வேளையில் சாந்துக் கொழுப்புகளின் உற்பத்தியையும் குறைக்கிறது. நாளடைவில் மேல்தோலையே மெலியச் செய்கிறது. ஏற்கெனவே இடிந்த சுவரின் எஞ்சிய கனமும் தேய்கிறது. களிம்பை நிறுத்தியதும் முன்னினும் பன்மடங்கு எரிச்சல் திரும்புகிறது. அதைத் தணிக்க மீண்டும் அதே களிம்பு. இவ்வாறு விடமுடியாத பழக்கமாகிறது. இந்நிலையைக் கிளிக்மன், ஃப்ராஷ் ஆகியோர் 1979-லேயே ஸ்டீராய்டு அடிமைத்தனம் என்று வருணித்தனர். பருக்கள், கன்னத்தில் நூல் போன்ற இரத்தக் குழாய்கள், தேவையற்ற ரோமம், வெயிலில் நிற்கமுடியாத எரிச்சல் ஆகியவை பின்தொடரும்.

இந்தியாவில் 12 மருத்துவ மையங்களில் முகத்தோல் நோயுடன் வந்த 2,926 பேரை ஆராய்ந்து 2011-ல் வெளியான அறிக்கை, அவர்களுள் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசி வந்ததைக் கண்டது. அந்த 433 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் மருத்துவர் அல்லாதோரின் யோசனையால் பூசியவர்கள். நிறம் வெளுப்பதற்கும் பருவுக்குமாகப் பூசியவர்களே மிகுதி. இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்நோய்க்கு 'ஸ்டீராய்டால் பழுதுற்ற முகம்' என்னும் பொருளில் தனிப் பெயரே வைத்து அரசினரிடமும் முறையிட்டனர். 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டுகளின் மேற்பூச்சுக் களிம்புகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் வாங்குபவர் குழாயின் மேல் அச்சிட்டுள்ள சிறு எழுத்துக்களைத் தாமே படித்துப் பார்ப்பது அவசியம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளூவோசினோலோன் என்னும் பெயர்களில் ஏதேனும் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பல மாதங்கள் பூசியவர் திடீரென நிறுத்துவதும் துன்பம் தரும். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே முறை.

பின்னர் தோன்றும் கறுப்பு

எரிச்சல் தணிந்த பின் பலருக்குக் கன்ன எலும்பின் மேலும் வாயைச் சுற்றியும் பழுப்புத் திட்டுகள் தெரியத் தொடங்கும். நோய் முற்றிவிட்டதாக அஞ்ச வேண்டா. அழற்சியால் தூண்டப்பட்ட நிறமி அணுக்கள் மிகுதியாக மெலனினை உண்டாக்கியதன் விளைவு அது; நம்மவரின் தோலில் இது மிகவும் சாதாரணம். மேல்தோலில் மட்டும் நின்ற கறுப்பு சில மாதங்களில் மங்கும். அடித்தோலில் இறங்கியது ஓராண்டும் அதற்கு மேலும் நீடிக்கலாம். இக்காலத்தில் வெயிலே பெரிய பகை. குடையும் அகன்ற விளிம்புள்ள தொப்பியும் முதல் நாளிலிருந்தே உதவும். துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொள்ளும் பெண்கள் உராயும் செயற்கை இழைத் துணியை விடுத்து மெல்லிய பருத்தியைக் கொள்வது நலம். வெயில் தடுப்புக் களிம்பை எரிச்சல் நின்ற பிறகே தொடங்க வேண்டும்; துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு ஆகியவற்றாலான வகை பெரும்பாலும் காந்துவதில்லை. திட்டுகளை வெளுக்கும் மருந்துகளைத் தோல் முற்றிலும் தேறும் முன் நாடினால் புதிய அழற்சியும் அதனால் புதிய கறுப்பும் உண்டாகும்.

ஆடவர்க்கு இதில் விலக்கு இல்லை. சவரக் கத்தியும் ஒரு தேய்ப்புக் கருவியே. முகம் எரியும் நாட்களில் சவரத்தைத் தள்ளிப்போடுவதே சிறந்தது. இயலாதாயின் ரோமத்தை நன்கு நனைத்து, அது வளரும் திசையிலேயே ஒருமுறை மட்டும் மழிக்கலாம். சலூனில் சவரத்துக்குப் பின் படிகாரம் தேய்ப்பதையும், முக மசாஜ் என்ற பெயரில் சொரசொரக் களிம்பை அழுத்தித் தேய்ப்பதையும் வேண்டா என்று சொல்லிவிடலாம்.

வீட்டில் பொறுத்திருக்கலாகாத நிலைகளும் உண்டு. நீர் வடிதல், தேன் நிறப் பொருக்கு, சீழ், கண்ணிமை வீக்கம், காய்ச்சல், கொத்துக் கொத்தான கொப்புளங்கள் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதிக்காமல் மருத்துவரை அணுக வேண்டும். தேய்ப்பதை அறவே நிறுத்தி இரண்டு வாரம் ஆகியும் எரிச்சல் குறையவில்லை என்றால் தேய்ப்பு அல்லாத வேறு காரணம் இருக்கலாம். ஏதேனும் ஒரு பொருளின் ஒவ்வாமையும், ரோசேசியா என்னும் நோயும் இதே தோற்றத்தில் வருவதுண்டு. மருத்துவரிடம் செல்கையில் அதுவரை முகத்தில் பூசிய களிம்பு, பொடி, எண்ணெய் அனைத்தையும் ஒரு பையில் இட்டு எடுத்துச் செல்வது மிகவும் உதவும். பெயர்ச்சீட்டு இல்லாத டப்பியில் அடைத்துக் கொடுக்கப்பட்ட களிம்பு இருப்பின் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.